கடைசிப் பூஜ்யம்

பேராசிரியரின் பயண ஆய்வை நானூறு பேர் மேற்கோள் காட்டிவிட்டார்களாம். துறையில் கேக் வெட்டினார்கள். அந்த ஆய்வுக்காக வீடுவீடாக ஏறியிறங்கிக் கணக்கெடுத்த ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கெடுக்கப் போன அன்று, "நேத்து எங்கெல்லாம் போனீங்கக்கா?" என்று கேட்டதற்கு, இடுப்புக் குடத்தை இறக்காமலே பேச்சியம்மாள் சொன்னாள்: "நான் எங்கம்மா போறேன்? தண்ணிக்கு நாலு நடை, மில்லுக்குப் போக வர ஆறு கிலோமீட்டர். ஒரு பஸ் விட்டாப் புண்ணியமாப் போகும்." நடந்து போனதை எழுதப் படிவத்தில் இடமில்லை. தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் ரெஜினா தன் கையாலேயே பூஜ்யம் போட்டாள்.

கேக்கில் கிரீமால் எழுதிய 400-இல் கடைசிப் பூஜ்யத்தை வெட்டி அவளிடம் நீட்டினார் பேராசிரியர். வாங்காமல் கேட்டாள்: "அந்தத் தெருவுக்கு பஸ் விட்டாங்களா சார்?"

"எதுக்கு? அங்கதான் பொம்பளைங்க வெளியவே போறதில்லையே. நீதானேம்மா எழுதிட்டு வந்தே!"