கிழட்டுக் கப்பல்

"வர்ற வாரமே கிளம்பிடலாம்" என்றார் கணவர்.

"மூணு மாசத்துல கப்பலையே புதுப்பிச்சிடுவாங்களாம். அவசரப்பட்டு இந்தக் கிழட்டுக் கப்பல்ல ஏறணுமாங்க? அப்புறமே போவோம்" என்றாள் மனைவி.

டிக்கெட் பதிவு செய்யும் பெண்ணுக்குத் தர்மசங்கடமாக இருந்தது. நேற்றே கணவர் தனியாக வந்து அவளிடம் சொல்லியிருந்தார். "டாக்டர் அவளுக்கு ரெண்டு மாசம்தான் சொல்லியிருக்கார். அவளுக்கு இது தெரியாதும்மா."

இப்போது எதைச் சொல்லி மறுப்பார்?

"சரி, உன் இஷ்டம்" என்றவர், மூக்கைச் சிந்துகிற சாக்கில் வெளியே போனார்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டாவது டிக்கெட்டுல என் பேருக்குப் பதிலா அவரோட அக்கா பேரைப் போடும்மா."

"அப்போ உங்களுக்கு..."

"தெரியும். அந்த மனுஷனுக்கு எதை மறைக்க வந்திருக்கு? கடல்னா அவருக்கு உயிரு. இப்பப் போனா கடலையா பாப்பாரு? என்னையேல்ல பாத்துக்கிட்டு வருவாரு."