பேயின் ஜிப்பா

"திருடன் இந்த ரூமுக்குள்ளதான் இருக்கான்" என்றார் டைரக்டர்.

அவருடைய பேய் காமெடிப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு ஷூட்டிங். காலையில் டிவிக்குப் பேட்டி கொடுத்துவிட்டு நேராக வந்தவருக்கு, பேய்க்குத் தைத்த புது ஜிப்பாவைக் காணோம் என்ற செய்தி காத்திருந்தது.

எல்லோருடைய பைகளையும் கொட்டிப் பார்த்தாயிற்று. ஒருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுவே அவர் சந்தேகத்துக்கு உரம் போட்டது.

"என்னம்மா, எதிர் கம்பெனிக்கு வித்துட்டியா?" என்று காஸ்ட்யூம் டிசைனரைப் பிடித்தார்.

"இல்ல சார். நீங்க பாத்து ஓகே சொல்லணும்னு நேத்தே உங்க ரூம்ல மாட்டி வெச்சேன்."

"நான் பாக்கலையே. பொய் சொன்னா வேலை போயிடும்."

"உண்மையச் சொன்னாலும் போயிடும் சார்."

"அடையாளம் சொல்லு."

"சாம்பல் கலர். நூறு வருஷம் மண்ணுக்குள்ள கெடந்த மாதிரி ஓரமெல்லாம் நூல் பிரிஞ்சிருக்கும். அப்புறம்..." அவள் தயங்கினாள். "முதுகுல எலி கடிச்ச ஓட்டை."

டைரக்டரின் கை மெதுவாகத் தன் முதுகுக்குப் போனது. விரல் உள்ளே நுழைந்தது.

அந்த நேரம் பார்த்து, பேயாக நடிப்பவர் பாதி மேக்கப்புடன் உள்ளே வந்தார். "அண்ணே, டிவில பாத்தேன். எனக்கு அளவெடுத்துத் தைச்சது உங்களுக்கு எவ்வளவு கச்சிதமா இருக்கு!"

டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போட்டுப் பாக்காம எப்படிம்மா ஓகே சொல்றது?" என்றார். "ஓகே."

"அப்ப கழட்டிக் குடுங்க சார், ஷாட்டுக்கு நேரமாச்சு."