எடுத்துச் செல்பவர்

டவர் சாய்ந்ததிலிருந்து யாருக்கும் போன் போகவில்லை.

ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். என் மகள் அங்கேதான் இருக்கிறாள்.

என் வீட்டுக்காரரிடம் வாய் திறக்க முடியுமா? அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்றே தலைமுழுகிவிட்ட மனுஷர். அவள் பேரை எடுத்தாலே தட்டு பறக்கும். அவளோடு பேசினால் தன்னை உயிரோடு பார்க்க முடியாது என்று மிரட்டி, பேச மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். பெற்ற வயிறு எரிந்ததை யாரிடம் சொல்வது?

கீழ்வீட்டுத் தையல்காரிதான் வழி சொன்னாள். போன வருஷ மழையில் ஊரில் எல்லார் போனிலும் ஒரு செயலியைப் போட்டுவிட்டிருந்தார்கள். டவரே வேண்டாம். அதில் எழுதினால் பக்கத்தில் இருக்கும் போனுக்குத் தாவும், அந்த ஆளோடு போய், யாருக்கு எழுதினோமோ அவர் போனில் சேரும். கொண்டுபோகிறவரால் அதைப் படிக்க முடியாது.

'நல்லா இருக்கியாடி?' என்று எழுதி அனுப்பினேன். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது.

ஆற்றோரம் போய்வருகிற தையல்காரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் போனுக்குத் தாவவில்லை.

லிப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர் பையை எடுக்க உள்ளே வந்தார். உடனே என் போன் டிங் என்றது. 'எடுத்துச் செல்பவர்' என்று போட்டு அவர் பேர்.

நல்ல ஆளைப் பிடித்தது போ! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தையல்காரி சிரிக்கவில்லை. அவர் படியிறங்கும்வரை காத்திருந்தாள்.

"அது சும்மா குடுக்காதுக்கா. நீங்க யாருக்கு எழுதினீங்களோ, அவங்கள யாரு அடிக்கடி பாக்கறாங்களோ, அவங்ககிட்டதான் குடுக்கும்."

"போடி, உனக்கு வேற வேலை இல்ல."

சாயங்காலம் முழங்கால்வரை சேற்றோடு திரும்பினார். எங்கேயோ லிப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். நேராகக் குளிக்கப் போனார்.

என் போன் டிங் என்றது.

'பத்திரமா இருக்கேம்மா.'

அடப்பாவி மனுஷா, என்னிடம் மறைத்தாலும் பிள்ளையை நீயாவது பார்த்துக்கொண்டாயே! அந்த நிமிஷம் அவரை மனசாரக் கும்பிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன்.

'இப்பவாவது உனக்கு மனசு இறங்குச்சே. என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு நீ பிடிவாதமா இருக்கியாம். வாராவாரம் அப்பா வந்து சொல்லிச் சொல்லி அழுவாரு.'