சந்தனப் பொட்டு வைத்த போன்

அரசாங்க உத்தரவு ஒன்று கற்பூரமாய்க் காற்றில் கரைந்ததை மூன்று லோகத்திலும் நேரில் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். இதற்காகவே ஆண்டவன் என் கண்புரை ஆபரேஷனை நல்லபடியாக முடித்துக்கொடுத்தான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையோரம், செல்லக்கனியின் இட்லிக்கடை முன்னால், யானைக்கூட்டமே வந்ததுபோல ஒரு ஜேசிபி உறுமிக்கொண்டு நிற்கிறது. இட்லிக் கொப்பரையின் ஆவியில் காலை வெயில் மஞ்சளாக நெளிகிறது. "கடைய இடிக்கக் கூடாதுன்னு உங்க ஆபீஸ் பெரிய ஐயாவே வாட்ஸப்புல ஆர்டர் போட்டிருக்காவ சார்" என்று அவள் சாமி மாடத்திலிருந்து போனை எடுத்து வருகிறாள். உத்தரவாச்சே என்று சந்தனம் குங்குமம் வைத்து, யாரையும் தொடவிடாமல் பத்திரப்படுத்திய போன். இடிக்க வந்த ஓவர்சியர் நவநீதகிருஷ்ணன் வாங்கித் திரையைத் தேய்க்கிறார். சந்தனம்தான் விரலில் ஒட்டுகிறது. ஐயாவின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே, செய்திகள் தானாக மறைந்துவிடும் என்ற அறிவிப்பு மட்டும் இருக்கிறது. "ஆர்டரா? கனவு கினவு கண்டியாம்மா?" "இந்தா, இவியதான் வாசிச்சுக் காட்டுனாவ" என்று என்னைக் கைகாட்டுகிறாள். "ஆமாய்யா, ஒரு எழுத்து விடாம வாசிச்சேன்" என்கிறேன். "செண்பகத்தோப்புக் காட்டுல புலிக்கு வழி சொன்னேன்னு போன வாரம் அளந்தவருதான அண்ணாச்சி நீங்க?" என்கிறார் ஓவர்சியர். ஜேசிபி டிரைவர்கூடச் சிரிக்கிறார். செல்லக்கனி கரண்டியோடு போய் ஜேசிபிக்கு எதிரே நிற்கிறாள். ஓவர்சியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாற்றலாகிப் போன ஐயாவுக்குப் போன் அடிக்கிறார், எடுக்கவில்லை. தன் போனை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடுகிறார். ஜேசிபியின் கை கூரைக்கு மேலே உயர்கிறது. "எங்க ஆபீஸ் குரூப்லயும் இப்ப இல்ல" என்கிறார், எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஆனா வந்துச்சும்மா. நானும் படிச்சேன்."