பின்கட்டு ஜன்னல்

"எவன்டா அது? என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்ட வயித்தெரிச்சல் பிடிச்சவன் எவன்? ஆம்பளையா இருந்தா முன்னாலே வாடா!"

ஜோகுபாளையத்துத் தெருவில் ஆம்ப்ரோஸ் மேஸ்திரி குதித்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் கால் பாவவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். யாரைப் பார்த்தாலும் முறைத்தார்.

பிளேக் வருஷம். எலி செத்து விழுந்த வீட்டைக் காலி பண்ணி, கதவு ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்து, நோய்க் கிருமி சாக உள்ளே கந்தகச் சட்டிகளைக் கொளுத்திப் பூட்டுவது அவருடைய காண்டிராக்ட். ராத்திரி முழுக்கப் புகை உள்ளேயே நிற்க வேண்டும். காலையில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்.

இன்று வந்து பார்த்தால், ஒரு வீட்டின் பின்கட்டு ஜன்னலில் ஒட்டிய காகிதம் கந்தலாய்த் தொங்குகிறது. மரக்கம்பிகள் இரண்டு பெயர்ந்து சந்தில் கிடக்கின்றன. புகை போன இடம் தெரியவில்லை.

"போன மாசமே எச்சரிக்கை பண்ணினேன், மேஸ்திரி. இது ரெண்டாவது தடவை" என்றார் இன்ஸ்பெக்டர் சேஷகிரி. "செஞ்சவன் பேரைச் சொன்னா அவன் மேலே கேஸ். சொல்லலேன்னா உம்ம லைசென்ஸ் கேன்சல். ஜல்தி சொல்லும், எனக்கு இன்னும் நாலு தெரு இருக்கு."

லைசென்ஸா! குப்பை வண்டிக்குப் பின்னால் கூடை தூக்கி ஓடிய ஆள் ஆம்ப்ரோஸ். அடிபட்டு, மிதிபட்டு, ஆபீஸ் ஆபீஸாய் மல்லுக்கட்டி வாங்கிய காகிதம் அது.

"திருட்டுப் பயல் வேலை சார் இது!"

"ஒரு சொம்புகூடப் போகலையே" என்றார் வீட்டுக்காரர். ஏரிக்கரைக் குடிசையில் ராத்தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். தெருவே அங்கேதான் தங்கியிருந்தது.

"பூட்டினது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நானேதான்! சாவியை இன்னொருத்தன் கையிலே கொடுப்பேனா? ரிச்சர்ட்ஸ் டவுன் துரை வீட்டு பட்லர் அங்கேயும் புகை போடணும்னு வந்து நின்னான். அவன்கிட்ட பேரம் பேசிக்கிட்டே பூட்டினேன். கை அப்படிப் பழகிப்போச்சு சார்."

"உள்ளே ஆள் இல்லைன்னு பார்த்துக் கையெழுத்து?"

"போட்டாச்சே! சீட்டு உங்க பையிலேதானே இருக்கு?"

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "சட்டி கொளுத்துற ஞானசேகரனை எங்கே காணோம்?"

ஆம்ப்ரோஸ் சட்டென்று நின்றார்.

அதானே! நேற்றுச் சாயங்காலத்திலிருந்தே அவனைக் காணவில்லை. போன வாரம்தான், 'சட்டிக்குக் கீழே செங்கல் வைக்கணும், பக்கத்திலே தண்ணி வைக்கணும், பூட்டறதுக்கு முன்னாலே ஆளை எண்ணணும்' என்று அவருக்கே சட்டம் பேசினான். நாலு பேர் முன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"அந்தக் காட்டத்தைத் தீர்த்துக்கிட்டான், படவா! வாங்க சார், கையும் களவுமாப் பிடிச்சுக் கொடுக்கிறேன்."

ரெண்டு சந்து தள்ளி ஞானசேகரன் வீடு. அவன் பெண்சாதி அல்போன்சா வாசலை மறித்து நின்றாள்.

"அவரு படுத்திருக்காருங்க. பல்வலி."

பிளேக் காலத்தில் ஜுரம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் ஊருக்கு வெளியே பிளேக் கேம்ப்புக்குத் தூக்கிப்போய்விடுவார்கள். பல்வலிக்கு அந்தப் பயம் கிடையாது.

"பல்வலியாம், பல்வலி! பல்லையே பேர்த்துக் கையிலே கொடுக்கிறேன், வெளியே வரச் சொல்லு!"

ஞானசேகரன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"நீதானேடா காகிதத்தைக் கிழிச்சே?"

ஞானசேகரன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். மேஸ்திரியைப் பார்த்தான்.

"ஆமாங்க." குரல் கரகரத்தது.

"கம்பியைப் பேர்த்தது?"

"நான்தாங்க."

"எதுக்குய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குடிச்சிருந்தேன் சார். என் பேரை எழுதிக்குங்க. மேஸ்திரி மேலே தப்பில்லே. அவரு லைசென்ஸிலே கையை வைக்காதீங்க, அதை நம்பி அஞ்சு குடும்பம் உலை வைக்குது."

"கேட்டுக்குங்க சார்! அவன் வாயாலேயே சொல்லிட்டான்!" ஆம்ப்ரோஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். விடிந்ததிலிருந்து இப்போதுதான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்தார்.

"எழுதாதீங்க சாமி" என்றாள் அல்போன்சா. "அவரு குடிச்சது சாராயம் இல்லே, கந்தகப் புகை."

"அல்போன்சா, சும்மா இரு!"

"ராத்திரி பூரா சும்மாத்தான் இருந்தேன். இனிமே முடியாது." அவள் படியிறங்கித் தெருவுக்கே வந்துவிட்டாள். "கடைசிச் சட்டி அணைஞ்சுபோச்சேன்னு திரும்ப உள்ளே போன மனுஷனை, எட்டிப் பார்க்காமே, ஒரு குரல் கூப்பிடாமே, வெளியே பூட்டிட்டுப் போன ஆளு இந்தத் தெருவிலேதான் துண்டைப் போட்டுக்கிட்டு நிக்குது. பேரை நான் சொல்லமாட்டேன் சாமி, அந்த ஆளே இப்போ வாயைத் திறந்து சொல்லட்டும்!"