பெற்றவள் பெயர்

"மாமி, எங்க உம்மாவைப் பெத்தவங்க பேரு என்ன?"

சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்த மீரா சாகிபுக்கு மூச்சு வாங்கியது. டத்தோ கிராமாட்டிலிருந்த வீட்டில் அவன் உம்மா ஹாஜராவின் மையத்து உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் மாலை அசர் தொழுகை; அது முடிந்ததும் அடக்கம். புதைத்த பின் கபுரருகே உட்கார்ந்து தல்கீன் ஓதும்போது, இன்ன தாயின் மகளே என்று இறந்தவரை அழைக்க வேண்டும். ஓத வந்திருந்த லெப்பை அந்தத் தாயின் பெயரைக் கேட்டதும், அது தெரியாத அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

இருபத்து நான்கு வருஷமாக உம்மாவிடம் சோறு கேட்டான், சட்டை கேட்டான், இதை மட்டும் கேட்டதில்லை. "பேரு சொல்லிக் கூப்பிடாம என்னைப் பொதைச்சிடாதப்பா" என்று போன வாரம்கூடச் சொன்னாள். அப்போதும் அதட்டிப் பேச்சை மாற்றினான்.

உம்மாவின் சின்ன வயசு தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம். ஜெலுத்தோங்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் சலேஹா மாமி.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வரையில அவளுக்கு ஆறு வயசு. என்னைப் பெத்த உம்மா கையைப் புடிச்சிக்கிட்டு வந்தா. ஜெர்மன் கப்பல் இங்க குண்டு போட்ட காலையில, உன்னை இடுப்புல வச்சிக்கிட்டு இந்த வீட்டுக்குத்தான் ஓடியாந்தா. அப்புறம் அரிசிப் பஞ்சம். கொல்லையில மரவள்ளி போட்டு உங்க நாலு பேரையும் காப்பாத்துனா. தான் தின்னாளான்னு யாரு கேட்டீங்க?"

"அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க மாமி. லெப்பை காத்திருக்காரு. பேரை மட்டும் சொல்லுங்க லா."

மாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஹவ்வா. ஹவ்வா மகள்னு ஓதச் சொல்லு."

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. வழியெல்லாம் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். தனக்கு ஒரு பெண் பிறந்தால் இதே பெயர்தான் என்று முடிவும் செய்துவிட்டான்.

மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு லெப்பையிடம் போனான்.

"பேரு கெடைச்சிருச்சு. ஹவ்வா."

லெப்பை கிதாபை மூடிவிட்டு அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, ஆதம் நபியோட மனைவி பேரு அது. பெத்தவ யாருன்னே தெரியாதவங்களுக்கு, நாங்க அந்தப் பேரைச் சொல்லித்தான் ஓதுவோம்."