ஐந்தாவது அட்மிஷன்

சங்கவியின் அம்மா அந்தப் பிளாஸ்டிக் உறையை முந்தானையால் ஒரு முறை துடைத்துவிட்டு வீடு தேடி வந்திருந்த கல்லூரி ஆசிரியையின் கையில் கொடுத்தார்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள். டி.சி. சாதிச் சான்றிதழ். எல்லாம் ஒரிஜினல்.

"சரியா இருக்கான்னு பாத்துக்குங்க மேடம்."

பார்க்க வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டு எழுந்தால் போதும். இது ஐந்தாவது அட்மிஷன்.

ஐந்து முடிந்தால் விடுதலை. கல்லூரி கரஸ்பாண்டண்ட் தன் வாயால் சொன்னது.

ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தபோது அந்த ஆள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மே மாசம் அஞ்சு பேரைச் சேத்துவிட்டுட்டு உங்க சர்ட்டிஃபிகேட்டை வாங்கிட்டுப் போங்க மேடம்" என்றார். பல் குத்திக்கொண்டே சொன்னார்.

அவளுடைய ஒரிஜினலெல்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்தது. பள்ளிச் சான்றிதழ் தொடங்கி எம்.ஃபில். வரைக்கும். பதினோரு வருடமாகக் கல்லூரி பீரோவில் கிடக்கிறது. அது கையில் இல்லாமல் வேறு எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. தெரிந்துதான் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், பாவிகள்.

அவள் கணிதம் நடத்த வந்தவள்.

டிசம்பரிலேயே வகுப்பை ஓரங்கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் போன் நம்பர் வாங்க வேண்டும். மே மாதம் ஆள் சேர்க்க வீடு வீடாக ஏற வேண்டும். நாய் துரத்தியிருக்கிறது. லோன் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பெற்ற மகள் சைக்கிள் ஓட்டப் பழகியதை இவள் போனில் பார்த்தாள். அதுவும் கல்லூரி வேனுக்குள் உட்கார்ந்து.

பதினோரு மே மாதங்கள். யார் திருப்பித் தருவார்கள்?

இந்த வருடம் ஏற்கெனவே நான்கு வீடு ஆயிற்று. நான்கிலும், படித்து முடித்தால் நூறு சதவீதம் வேலை என்று சொன்னாள். கூசாமல் சொன்னாள். சொல்லிவிட்டு வேனில் ஏறித் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டாள்.

இங்கே அதைச் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை. தானாகவே கொடுக்கிறார்கள்.

சங்கவியின் கட் ஆஃப் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தாறு. அரசு எஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்குப் போனால் நல்ல கல்லூரியே கிடைக்கும். அது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். வெளியே வேனில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி பி.ஆர்.ஓ. பெலிக்ஸுக்கும் தெரியும். அதனால்தான் கவுன்சிலிங் தொடங்கும் முன்னே ஒரிஜினலை வாங்கிவிடச் சொல்கிறார். வாங்கிவிட்டால் பிறகு பிள்ளை எங்கே போகும்?

உறை கையில் கனமே இல்லை.

நாளையே தன் சான்றிதழை வாங்கிவிடலாம். நாளை மறுநாள் காலை ஒன்பது மணிவரை தூங்கலாம். ஒருவரும் போன் செய்து எத்தனை பேர் ஆச்சு என்று கேட்க மாட்டார்கள்.

உள்ளேயிருந்து சங்கவி மோர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நீங்கதான மேடம் மேத்ஸ் எடுப்பீங்க? எங்க ஸ்கூலுக்கு வந்தப்ப ஒரு கிளாஸ் எடுத்தீங்கல்ல? அன்னிக்குத்தான் எனக்கு இன்டக்ரேஷனே புரிஞ்சுது. அதான் அம்மாகிட்ட இந்தக் காலேஜ்தான்னு சொல்லிட்டேன்."

அவள் மோரைக் கீழே வைத்தாள்.

என்ன பதில் சொல்வது? நீ உள்ளே வந்தால்தான் நான் வெளியே போக முடியும் என்றா?

சே! தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பதினோரு வருடம் முன்பு தன் அம்மாவும் இப்படித்தான் ஓர் உறையில் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்து அனுப்பினார். வாங்கிய கிளார்க்கும் இப்படித்தான் சிரித்த முகமாக இருந்தான்.

உறையைச் சங்கவியின் கையில் திணித்தாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

சங்கவியின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"மார்க் பத்தாதுங்களா மேடம்?"

அதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மார்க் ஏராளமா இருக்கும்மா! உங்க பொண்ணைச் சேத்துக்க எங்க காலேஜுக்குத்தான் யோக்கியதை இல்ல. கவுன்சிலிங்குக்குப் போடுங்க, கவர்மென்ட் காலேஜே கிடைக்கும். வெளிய வேன்ல ஒருத்தர் உக்காந்திருக்காரு. அவர் வந்து தேன் ஒழுகப் பேசுவாரு. இந்தக் கவரை அவர்கிட்டயும் குடுக்காதீங்க, வேற எவன்கிட்டயும் குடுக்காதீங்க. நான் குடுத்துட்டு பதினோரு வருசமா அல்லாடிக்கிட்டிருக்கேன்."

சத்தம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் மகளிடமிருந்து உறையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

சங்கவிக்கு முழுவதும் புரிந்துவிட்டது.

"அப்ப உங்க சர்ட்டிஃபிகேட், மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். நன்றாக இருந்தது. இவ்வளவு நாளில் எந்த வீட்டிலும் கொடுத்ததை நிதானமாகக் குடித்ததில்லை.

அது பீரோவிலேயே கிடந்து மக்கட்டும். படித்த கணக்கை அந்த ஆள் எந்தப் பீரோவில் வைத்துப் பூட்டுவான்?

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். தெருவில் வேனின் கதவு திறந்திருந்தது. பெலிக்ஸ் முன்சீட்டில் இருந்தபடியே கட்டைவிரலை உயர்த்தி, ஆச்சா என்று சைகையில் கேட்டார்.

அவள் திரும்பிச் சங்கவியைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்மா?"

சங்கவி கையைக் காட்டினாள். வேன் நின்ற பக்கம் இல்லை.